சந்தேகம் தோற்காத உலகம்: 'தி ஃபேமிலி மேன்' தொடரை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

தீவிரவாத எதிர்ப்புத் துப்பறியும் கதைகளைப் பற்றி நம் பத்திரிகைகளில் எழுத நேர்ந்தால் முதல் வரியிலேயே முகம் சுளித்துவிடுவது வழக்கம். அரசுக்கு வக்காலத்து, ஆளும் கருத்தியலின் கருவி, முடிந்தது கட்டுரை. அப்படி எழுதுகிற தோழர்களில் பலரும் அதே தொடரை விடிய விடிய உட்கார்ந்து பார்த்தவர்கள்தான். டீக்கடையில் பேச்சு வந்தால் எந்த எபிசோடில் யார் யாரைத் துரத்தினார்கள் என்று வரிசையாகச் சொல்வார்கள். எழுதும்போது மட்டும் அந்த ரசனையைச் செருப்பு மாதிரி வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வருகிறார்கள்.

ராஜ்–டி.கே. இரட்டையர் உருவாக்கி, அமேசான் பிரைமில் 2019 செப்டம்பரில் முதல் பாகமாகவும் 2021 ஜூனில் இரண்டாம் பாகமாகவும் வெளிவந்த 'தி ஃபேமிலி மேன்' தொடர் எனக்குப் பிடிக்கும். முதல் பாகத்தின் பத்து எபிசோடுகளையும் இரண்டே ராத்திரியில் முடித்திருக்கிறேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு பிரதி நமக்குப் பிடித்துப்போகிறது என்றால் அது நம்மிடம் எதையோ பேசி எதற்கோ சம்மதம் வாங்கியிருக்கிறது என்றுதான் பொருள். எதற்குச் சம்மதித்தோம், எப்படிச் சம்மதிக்க வைக்கப்பட்டோம் என்று பார்ப்பதே இந்தக் குறிப்புகளின் வேலை. பிடிக்காதவர்களை விட்டுவிடுவோம், பிடித்தவர்களோடு பேசுவதுதான் பிரயோஜனம்.

2

முதலில் கவர்ச்சி எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம்.

மனோஜ் பாஜ்பாய் நடிக்கும் ஸ்ரீகாந்த் திவாரி, தேசிய புலனாய்வு முகமையின் கீழ் இயங்குவதாகக் கற்பனை செய்யப்பட்ட ஒரு ரகசியப் பிரிவில் வேலை பார்க்கிறார். வீட்டில் அவர் ஒரு சாதாரண அரசாங்க குமாஸ்தா. பொண்டாட்டியோடு சண்டை, பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பஞ்சாயத்து, வீட்டுக்கடன் கிடைக்குமா கிடைக்காதா என்ற கவலை. மும்பையின் நெரிசலில் மூச்சு வாங்க ஓடுகிறார், பொய் சொல்லி மாட்டிக்கொள்கிறார், அசடு வழிகிறார். இரண்டாம் பாகத் தொடக்கத்தில் அந்த வேலையை விட்டுவிட்டு ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்து, தன் வயதில் பாதிகூட இல்லாத முதலாளிப் பையனின் உபதேசங்களைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஒரு கட்டத்தில் பொறுக்க முடியாமல் அவனை அடித்துவிடும்போது பார்க்கிற சம்பளக்காரர்கள் எத்தனை பேர் மனசுக்குள் கைதட்டியிருப்பார்கள்!

நம்முடைய பழைய போலீஸ் கதாநாயகர்களுக்கு வீடு இருக்கும், ஆனால் வீட்டு வேலை இருக்காது. அம்மாவோ தங்கச்சியோ வில்லனால் கொல்லப்படுவதற்காகவே வீட்டில் வைக்கப்பட்டிருப்பார்கள். 'குருதிப்புனல்' (1995) ஓரளவுக்கு விதிவிலக்கு. அதில் குடும்பம் அதிகாரியின் பலவீனமாகவும் மனசாட்சியாகவும் இருந்தது. 'தி ஃபேமிலி மேன்' இன்னும் ஒரு படி இறங்கி வந்து, அரசின் ரகசியக் கரத்தை மாசக் கடைசியில் பணம் பத்தாத ஒரு நடுத்தர வர்க்க மனிதனின் கரமாக்கிவிட்டது. இது சாமர்த்தியமான வேலை. அதிகாரத்தை வெறுக்கலாம். தவணை கட்டுகிறவனை எப்படி வெறுப்பது?

இரண்டாவது கவர்ச்சி மொழி. இரண்டாம் பாகத்தில் கதை சென்னைக்கு வருகிறது. தமிழர்கள் தமிழில் பேசுகிறார்கள். ஐயோ ஐயோ என்று தலையை ஆட்டும் இந்திப்பட மதராஸி இங்கே இல்லை. ரவீந்திர விஜய் நடித்த முத்துப்பாண்டியன், வடக்கிலிருந்து வந்த அதிகாரிகளைப் பார்த்து உதட்டோரம் சிரிக்கிற சிரிப்பு நமக்குத் தெரிந்த சிரிப்பு. மைம் கோபி, அழகம்பெருமாள், தேவதர்ஷினி என்று நம் ஆட்கள் அவரவர் கனத்தோடு வருகிறார்கள். உதய் மகேஷ் நடித்த செல்லம் சார் இந்தியா முழுக்கப் பிரபலமானார்: ஓய்வுபெற்ற உளவு அதிகாரி, யாரையும் நம்பாதவர், யார் எப்போது எங்கே இருந்தார்கள் என்ற விவரம் அத்தனையையும் தலைக்குள் வைத்திருப்பவர். செல்லம் சாரிடம் பிறகு திரும்பி வருவேன்.

மூன்றாவது, வேகம். அதை விளக்கத் தனியாகக் கொஞ்சம் இடம் வேண்டும். சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

3

திகிலுக்கும் அதிர்ச்சிக்கும் உள்ள வேறுபாட்டை ஹிட்ச்காக் ஓர் உதாரணத்தால் விளக்குவார். இரண்டு பேர் மேசையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். திடீரென்று குண்டு வெடித்தால் பார்வையாளருக்குக் கிடைப்பது சில விநாடி அதிர்ச்சி. மேசைக்கடியில் குண்டு இருப்பதைப் பார்வையாளருக்கு முன்கூட்டியே காட்டிவிட்டு, அந்த இருவரையும் சாவகாசமாகப் பேசவிட்டால் கிடைப்பது பதினைந்து நிமிடப் பதைப்பு. "எழுந்திருங்கய்யா, குண்டு இருக்குது" என்று நாம் திரையைப் பார்த்துக் கத்தத் தொடங்குகிறோம்.

ஹிட்ச்காக்குக்கு இது ஓர் உத்தி. தீவிரவாத எதிர்ப்புக் கதைக்குள் வந்ததும் அதுவே ஓர் அரசியலாகிவிட்டது. எப்படி என்றால், குண்டு எங்கே இருக்கிறது, யார் வைத்தார்கள் என்பது அதிகாரிக்குத் தெரிவதற்கு முன்பே நமக்குத் தெரியும். கேமரா சதிகாரர்களின் அறைக்குள் முன்னமேயே போய்வந்துவிட்டது. ஆகவே அதிகாரி ஒருவனைச் சந்தேகப்படும்போது அந்தச் சந்தேகம் சரியா தப்பா என்று நாம் தவிப்பதில்லை. சரி என்று நமக்குத் தெரியும். சீக்கிரம் நடக்கட்டும் என்று மட்டும்தான் தவிக்கிறோம். வாரண்ட் கேட்கிற வக்கீல், நடைமுறை பேசுகிற மேலதிகாரி, குடைந்து குடைந்து கேட்கிற பத்திரிகையாளர் எல்லோரும் இந்தக் கதையாடலில் ஒரே ஒரு பாத்திரம்தான்: தாமதம். அவர்கள் வாயைத் திறந்தாலே நமக்கு எரிச்சல் வருகிறது. மனித உரிமை மாநாட்டில் மாலையெல்லாம் உட்கார்ந்துவிட்டு வந்த தோழருக்கும் வருகிறது. நாற்காலி நுனிக்கு வந்துவிட்ட உடம்புக்குக் கொள்கை தெரியாது.

இந்த வடிவத்தை உலகத்துக்குப் பழக்கியது அமெரிக்காவின் '24'. நியூயார்க் இரட்டைக் கோபுரங்கள் விழுந்து சரியாக எட்டு வாரம் கழித்து, 2001 நவம்பர் 6 அன்று ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் அது ஆரம்பமானது. ஒரு பாகம் என்பது ஒரே நாளின் 24 மணி நேரம். திரையில் கடிகாரம் ஓடும். நாயகன் ஜாக் பவர் யாரையாவது கட்டிவைத்துச் சித்திரவதை செய்து உண்மையை வாங்குவான். இது வெறும் பொழுதுபோக்காக நிற்கவில்லை. அமெரிக்க ராணுவக் கல்லூரியான வெஸ்ட் பாயிண்டின் கல்வித் தலைவர், பிரிகேடியர் ஜெனரல் பேட்ரிக் ஃபின்னகன், 2006 நவம்பரில் அந்தத் தொடரைத் தயாரித்தவர்களை நேரில் போய்ப் பார்த்தார். சித்திரவதையைக் குறையுங்கள், எங்கள் மாணவர்கள் இதைப் பார்த்துக் கெட்டுப்போகிறார்கள் என்பது அவருடைய முறையீடு. அடுத்த வருஷம் கனடாவில் நடந்த நீதிபதிகளின் மாநாடு ஒன்றில் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ஆண்டனின் ஸ்காலியா, ஜாக் பவரை எந்த ஜூரி தண்டிக்கும் என்கிற தொனியில் பேசினார். சிப்பாய்களைப் பயிற்றுவிப்பவர் கதையைக் கண்டு பயப்படுகிறார், சட்டத்தைக் காப்பவர் கதையை முன்னுதாரணமாக எடுக்கிறார். சி.ஐ.ஏ.யின் விசாரணை முறைகளைப் பற்றி 2014 டிசம்பரில் வெளிவந்த அமெரிக்க செனட் குழுவின் அறிக்கை, அந்த முறைகள் தகவலைப் பெறுவதற்குப் பயனுள்ள வழியாக இருக்கவில்லை என்ற முடிவுக்கு வந்தது. அறிக்கையைப் படித்தவர்கள் எத்தனை பேர், தொடரைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

அனில் கபூர் அந்தத் தொடரின் எட்டாவது பாகத்தில் நடித்தார். பிறகு 2013இல் கலர்ஸ் தொலைக்காட்சிக்காக இந்தியில் அதையே எடுத்து நாயகனாகவும் நடித்தார். 'தி ஃபேமிலி மேன்' அதன் நேரடி வாரிசு இல்லை. ஜாக் பவரைவிட ஸ்ரீகாந்த் திவாரி எவ்வளவோ மேல். களைத்துப்போகிறார், தப்புச் செய்கிறார், குற்ற உணர்ச்சியில் தூங்காமல் கிடக்கிறார். ஆனால் கடிகாரம் அதே கடிகாரம்.

4

தப்புச் செய்கிறார் என்று சொன்னேன். முதல் பாகத்தின் மிகத் துணிச்சலான பகுதி அதுதான். கரீம் என்ற கல்லூரி மாணவன்மீது சந்தேகம் விழுகிறது. பின்தொடர்கிறார்கள், துரத்துகிறார்கள், நண்பர்களோடு சேர்த்துச் சுட்டுக் கொல்கிறார்கள். பிறகுதான் தெரிகிறது, அந்தப் பையன்களிடம் வெடிகுண்டு இல்லை. மாட்டிறைச்சி அரசியலை எதிர்த்து ஒரு போராட்டம் நடத்தக் கிளம்பியவர்கள் அவர்கள். உண்மை மூடி மறைக்கப்படுகிறது. செத்தவர்கள் பயங்கரவாதிகளாகவே கணக்கில் எழுதப்படுகிறார்கள். இந்திய வெகுஜனக் கதையாடலில் இது சாதாரண விஷயமில்லை. ஆர்.எஸ்.எஸ். சார்பு ஏடான 'பாஞ்சஜன்யா' இந்தத் தொடரை தேசவிரோதம் என்று தாக்கியதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஆனால் கரீமுக்குப் பக்கத்தில் இன்னொரு பாத்திரத்தை வைத்துப் பாருங்கள். நீரஜ் மாதவ் நடித்த மூசா. பிடிபட்டுக் காயத்தோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். அம்மாவை நினைத்து உருகுகிறான். அதிகாரிகளுக்கு அவன்மேல் இரக்கம் பிறக்கிறது. நமக்கும்தான். கடைசியில் பார்த்தால் சதியின் மூளையே அவன்தான். பாகம் முடியும்போது டில்லியின் ஒரு பகுதியையே விஷவாயு மூடப் போகிற நிலை.

கரீம் விஷயத்தில் தவறியது சந்தேகம். மூசா விஷயத்தில் தவறியது இரக்கம். முதல் தவறுக்கு விலை சில மாணவர்கள். இரண்டாவது தவறுக்கு விலை ஒரு நகரம். தொடர் இப்படிக் கணக்குப் போட்டுத் தராசில் வைத்துவிட்டு, ரெண்டு பக்கமும் காட்டினோமே என்கிறது. பார்வையாளன் எந்தப் பாடத்தை வீட்டுக்கு எடுத்துப் போவான்? கரீமுக்காக ஓர் எபிசோடு வருத்தப்படுவான்; மூசாவை ஆயுசுக்கும் மறக்கமாட்டான். தன் தவற்றைக்கூட இந்த வடிவம் ஜீரணித்துவிடும் என்பதற்கு இது உதாரணம். அதிகாரியின் குற்ற உணர்ச்சி அவரை மேலும் மனிதராக்குகிறது, நமக்கு மேலும் நெருக்கமாக்குகிறது. செத்த பையனின் வீட்டில் என்ன ஆச்சு என்பது கதையின் பாதையில் இல்லை.

5

இரண்டாம் பாகத்துக்கு வருவோம். முன்னோட்டம் 2021 மே 19 அன்று வெளியானது. முள்ளிவாய்க்கால் நினைவு நாளுக்கு மறுநாள். சமந்தா நடித்த ராஜி என்ற ஈழத்துப் பெண் போராளி பாகிஸ்தானின் ஐ.எஸ்.ஐ.யோடு கைகோத்துக்கொண்டு இந்தியப் பிரதமரைக் கொல்லத் திட்டமிடும் கதை என்று தெரிந்ததும் தமிழ்நாட்டில் எதிர்ப்பு கிளம்பியது. வைகோ, சீமான் கண்டித்தார்கள். புதிதாகப் பதவியேற்றிருந்த தி.மு.க. அரசின் சார்பில் அமைச்சர் மனோ தங்கராஜ் ஒன்றிய அமைச்சர் பிரகாஷ் ஜவடேகருக்குத் தடை கோரிக் கடிதம் எழுதினார். தொடர் ஜூன் மாதம் வெளிவந்தே விட்டது.

எதிர்ப்பில் நியாயம் உண்டு. ராஜியின் தோலுக்குக் கறுப்புப் பூசியதிலிருந்து அது தொடங்குகிறது. ராணுவத்தால் சிதைக்கப்பட்ட பெண் உடல், பழிவாங்கும் உடலாக மட்டுமே மறுபடி எழ முடியும் என்ற பழைய சூத்திரம் இங்கேயும் இருக்கிறது. சமந்தா அந்தப் பாத்திரத்தைத் தாங்கிப் பிடித்தார் என்பது வேறு விஷயம்; மில்லிலும் பஸ்ஸிலும் அவள் படுகிற அவமானங்களைத் தொடர் கவனத்தோடு காட்டுகிறது. ஆனால் அவள் அரசியல் பேசுகிற ஒரு வாக்கியம் ஞாபகத்தில் நிற்கிறதா? அவளுக்குக் காயம் இருக்கிறது, பயிற்சி இருக்கிறது, யோசனை இல்லை. ஸ்ரீகாந்துக்குத் தரப்பட்டதெல்லாம் அவளுக்கு மறுக்கப்பட்டிருக்கிறது: நகைச்சுவை, சலிப்பு, சொதப்பல், தவணை.

வரலாறும் சௌகரியப்படி கலக்கப்பட்டிருக்கிறது. விமானத்தைக் கொண்டு தாக்குவது முழுக் கற்பனை இல்லை. 2007 மார்ச் 26 அன்று விடுதலைப் புலிகளின் விமானங்கள் கட்டுநாயக்க விமானப்படைத் தளத்தைத் தாக்கின. 2009 பிப்ரவரியில் கொழும்புக்கே வந்தன. ஆனால் ஈழப் போராட்டத்தையும் ஐ.எஸ்.ஐ.யையும் ஒரே நூலில் கோர்ப்பதற்கு என்ன வேண்டியிருந்தது? 1990 அக்டோபரில் வடக்கு மாகாணத்திலிருந்து முஸ்லிம்களை ஒட்டுமொத்தமாக வெளியேற்றிய கறுப்புப் பக்கம் ஒன்று அந்தப் போராட்டத்துக்கு உண்டு. தமிழர்–முஸ்லிம் உறவின் அந்த ரணம், அதைப் பற்றி ஈழத்து எழுத்தாளர்கள் நடத்திய சுயவிமர்சனம், எதுவும் இந்தக் கதைக்குத் தேவைப்படவில்லை. டில்லியிலிருந்து பார்க்கும்போது எதிரிகள் எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து ஒரே வரைபடத்தைப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, எதிர்ப்பு எழுப்பிய நம்மிடமே ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. முதல் பாகம் வெளிவந்தது 2019 செப்டம்பர் 20. காஷ்மீரின் 370ஆவது பிரிவுத் தகுதி பறிக்கப்பட்டு ஏழு வாரம்கூட முழுசாக ஆகவில்லை. அங்கே தொலைபேசியும் இணையமும் முடக்கப்பட்டிருந்தன. அந்த நேரத்தில் காஷ்மீரியையும் கேரள முஸ்லிமையும் சதிகாரர்களாக வைத்து வந்த கதையை நாம் ரசித்துப் பார்த்தோம். ஒரு கடிதமும் போகவில்லை. 'ரோஜா' (1992) வந்தபோது கொடியும் கம்பளிச் சட்டையும் தீவிரவாதியும் என்று திரையரங்கம் கைதட்டியதை நாம் மறந்துவிடக் கூடாது. வில்லன் நம் பாஷை பேசினால் அவமானம், வேறு பாஷை பேசினால் விறுவிறுப்பு. பிம்பம் நல்லதா கெட்டதா என்று மட்டும் விவாதித்தால் கடைசியில் இங்கேதான் வந்து நிற்போம். இயந்திரம் அப்படியே இருக்கும். அதற்குள் யாரைப் போடுவது என்பதுதான் தகராறு.

6

இயந்திரம் என்று நான் சொல்வது அந்த 'முன்னமேயே தெரியும்' என்ற ஏற்பாட்டைத்தான். அந்த ஏற்பாட்டை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்பதற்குத் தூரமாகப் போக வேண்டாம்.

எங்கள் திருவண்ணாமலையும் ஜோலார்பேட்டையும் ஒரு காலத்தில் ஒரே வட ஆர்க்காடு மாவட்டம். ஜோலார்பேட்டைப் பையன் பேரறிவாளன் 1991 ஜூன் 11 அன்று கைது செய்யப்பட்டபோது வயசு 19. ராஜீவ் காந்தி கொலையில் பயன்பட்ட வெடிகுண்டுக்காக இரண்டு ஒன்பது வோல்ட் பேட்டரி வாங்கிக் கொடுத்தார் என்பது குற்றச்சாட்டு. தடா சட்டப்படி பெறப்பட்ட வாக்குமூலமே முக்கிய ஆதாரம். 1998 ஜனவரியில் தடா நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு என்றது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரைக் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது; பேரறிவாளன் உட்பட நான்கு பேரின் தூக்கை உறுதி செய்தது. அந்த வழக்குக்குத் தடா பொருந்தாது என்று சொன்ன அதே தீர்ப்பு, தடாவில் வாங்கிய வாக்குமூலம் செல்லும் என்றது.

பிறகு 2013இல், வாக்குமூலத்தை எழுதிய மத்தியப் புலனாய்வுத் துறை அதிகாரி தியாகராஜன் ஓய்வுபெற்ற நிலையில் வாயைத் திறந்தார். பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்னதைத் தான் எழுதாமல் விட்டதாகச் சொன்னார். ஒரே ஒரு வாக்கியம். எழுதியிருந்தால் அது வாக்குமூலமாகவே நின்றிருக்காது. அற்புதம்மாள் ஊர் ஊராக, கட்சி கட்சியாக நடந்தார். 2022 மே 18 அன்று பேரறிவாளன் விடுதலையானபோது ஏறத்தாழ 31 வருஷம் கழிந்திருந்தது.

இந்தக் கதையை ஒரு தொடராக எடுத்தால் எப்படி எடுப்பார்கள்? பேட்டரிக் கடையில் கேமரா அவனுக்குப் பின்னாலேயே போகும். அவன் முகத்தை நெருங்கிக் காட்டும். பின்னணியில் ஒரு சத்தம் கொடுக்கும். அந்தச் சத்தம் போதும், அவனுக்குத் தெரியும் என்று நாம் தீர்ப்பு எழுதிவிடுவோம். நிஜத்தில் அந்தக் கடைக்குள் கேமரா இல்லை. பின்னணி இசை இல்லை. ஓர் அதிகாரி, ஒரு பையன், ஒரு காகிதம். எதை எழுதுவது, எதை விடுவது என்பது பேனா பிடித்தவர் கையில்.

இதனால்தான் 1872இல் வெள்ளைக்காரன் போட்ட சாட்சியச் சட்டமே, போலீஸ்காரரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றவாளிக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்றது. காலனி ஆட்சிக்கு நம்மேல் கருணை ஒன்றுமில்லை. தன் போலீஸ் எப்படி வாக்குமூலம் வாங்கும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. அந்தத் தடுப்பு 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் நீடிக்கிறது. தடாவும் (1985–1995), பிறகு பொடாவும் (2002–2004) அந்தத் தடுப்பைத்தான் எடுத்தன. சட்டத்தின் அடிப்படை, 'நமக்குத் தெரியாது' என்ற ஒப்புதல். இந்தத் தொடர்களின் அடிப்படை, 'நமக்குத் தெரியும்' என்ற சுகம்.

இன்னும் கிட்டத்தில் வருகிறேன். 2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதிக்குப் பக்கத்தில் சேஷாசலம் காட்டில் ஆந்திரத்தின் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை 20 பேரைச் சுட்டுக் கொன்றது. செத்தவர்களில் பெரும்பாலோர் எங்கள் மாவட்டத்தையும் தருமபுரியையும் சேர்ந்த கூலிகள். கல்லால் தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது போலீஸ். தப்பி வந்த ஒருவர் வேறு விதமாகச் சொன்னார். பஸ்ஸில் கூட வந்தவர்களைப் போலீஸ் இறக்கிக் கொண்டுபோனது. ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் தன்னைத் தனி ஆளாக நினைத்து விட்டுவிட்டார்கள் என்றார். எந்த சீட்டில் உட்கார்ந்தான் என்பது உயிரைத் தீர்மானிக்கிறது. தொடர்களில் வரும் துல்லியமான உளவுத் தகவலுக்கு நிஜத்தில் சில சமயம் இவ்வளவுதான் அர்த்தம்.

செல்லம் சாரிடம் திரும்பி வருவதாகச் சொல்லியிருந்தேன். எல்லோரையும் பற்றி எல்லா விவரமும் வைத்திருக்கிற அவரைப் பார்த்து நாம் சிரிக்கிறோம், பிரியப்படுகிறோம். கிரிவலம் வருகிறவர்கள் அடிஅண்ணாமலைப் பக்கம் கடக்கும்போது, அந்தப் பகுதியில் ஓர் இலங்கைத் தமிழர் முகாம் இருப்பதைக் கவனித்திருக்க மாட்டார்கள். தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்கள் உண்டு. 2021 கணக்குப்படி அவற்றில் இருப்பவர்கள் சுமார் 58,000 பேர். அந்த வருஷம் ஆகஸ்டில் 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாநில அரசு மாற்றியது. புது வீடுகளும் அறிவித்தது. நல்லது. ஆனால் செல்லம் சாரின் ஞாபகசக்தி அங்கே ஒரு ரிஜிஸ்டர். கணக்கெடுப்பு நாளில் ஆள் இருக்க வேண்டும். வெளியூர் போனால் சொல்லிவிட்டுப் போக வேண்டும். 1970களின் தொடக்கத்தில் நக்சலைட்டுகளைக் கண்காணிக்க உருவான கியூ பிராஞ்ச்தான் பிறகு இவர்களையும் கண்காணிக்கும் வேலைக்கு வந்தது. முகாமில் பிறந்து, இங்கேயே படித்து, பெயிண்ட் அடிக்கப் போகிற பையன் எந்தக் குற்றமும் செய்யாமலேயே ஒரு கோப்பாக இருக்கிறான். 2019 டிசம்பர் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கைத் தமிழருக்கு இடமில்லை. ராஜியைப் பற்றி ஒன்பது எபிசோடு எடுத்தவர்களுக்கு இந்தப் பையனை வைத்து ஒரு காட்சிகூடத் தோன்றவில்லை. அவனிடம் குண்டு இல்லையே, கதை எப்படி நகரும்?

7

அப்படியானால் குண்டே வெடிப்பதில்லையா என்று கேட்பார்கள். வெடிக்கிறது. 1998 பிப்ரவரி 14 கோவையில் வெடித்து 58 பேர் செத்தார்கள். அந்த வழக்கில் கைதான அப்துல் நாசர் மதானி ஒன்பது வருஷத்துக்கு மேல் விசாரணைக் கைதியாகவே சிறையில் கிடந்து 2007 ஆகஸ்டில் குற்றமற்றவர் என்று விடுதலையானார். இரண்டுமே உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் யோசிக்க வேண்டும். விதிமுறைகள் கையைக் கட்டிப்போடுவதால்தான் குண்டுகள் வெடிக்கின்றன என்று இந்தத் தொடர்கள் நம்மை நம்பவைக்கின்றன. 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் ஞாயிறன்று இலங்கையில் தேவாலயங்களிலும் ஓட்டல்களிலும் குண்டு வெடித்து 250க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். தாக்குதல் நடக்கப் போகிறது என்ற எச்சரிக்கையை இந்திய உளவுத்துறை அதே மாதத் தொடக்கத்திலேயே கொழும்புக்குச் சொல்லியிருந்தது. யாரையும் தலைகீழாகத் தொங்கவிடத் தேவை இருக்கவில்லை. காகிதம் மேசையில் இருந்தது. மேசைகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவில்லை. கடமை தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி சிறிசேன 10 கோடி ரூபாய் நஷ்டஈடு கட்ட வேண்டும் என்று 2023 ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரு கோப்பு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு ஏன் போகவில்லை என்பதை வைத்துத் தொடர் எடுத்தால் யார் பார்ப்பார்கள்? ஆனால் செத்தவர்களுக்கு அதுதான் காரணம்.

தடையில் எனக்கு நம்பிக்கை இல்லை. இன்று இந்தத் தொடருக்குத் தடை கேட்கிற கை நாளைக்கு நம் புத்தகத்துக்கும் கேட்கும், கேட்டும் இருக்கிறது. இதற்கு மாற்றாக 'விசாரணை' (2015) போன்ற படங்களைச் சொல்வார்கள். மகத்தான படம். கேமராவை லாக்கப்புக்குள் கொண்டுவந்து அடிபடுகிறவனின் பக்கத்தில் வைத்தது. ஆனால் அங்கேயும் நமக்கு முன்னமேயே தெரியும், அவர்கள் அப்பாவிகள் என்று. அப்பாவியை அடிக்கக் கூடாது என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அப்பாவியா இல்லையா என்று தெரியாத ஒருவனை என்ன செய்வது என்பதுதான் சட்டத்தின் கேள்வி, ஜனநாயகத்தின் கேள்வி. அந்தத் தெரியாமைக்குள் பார்வையாளனை உட்கார வைக்கிற ஒரு தொடரை நம்மில் யாராவது எழுத வேண்டும். எழுத்தாளர்கள் படிக்கிற பத்திரிகை என்பதால் சொல்லிவைக்கிறேன். ஹிட்ச்காக்கின் மேசைக்கடியில் கேமரா போகவே கூடாது. அங்கே இருப்பது குண்டா, யாரோ விட்டுப்போன சோற்று டப்பாவா என்று கடைசிவரை நமக்கும் தெரியக் கூடாது. அப்படி எழுதினால் விறுவிறுப்பு குறையும் என்று எனக்குத் தோன்றவில்லை.

'தி ஃபேமிலி மேன்' மூன்றாம் பாகம் 2025 நவம்பரில் வடகிழக்கைக் களமாக்கி வந்தது. நாலாவது வந்தால் அதையும் நாம் பார்ப்போம். பார்க்கும்போது அதிகாரி ஒருவனைப் பிடித்துச் சுவரில் சாய்க்கிற இடத்தில் நிறுத்திவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளலாம்: இவன்தான் என்று எனக்கு எப்படித் தெரியும்? கேமரா காட்டியது என்பதைத் தவிர வேறு பதில் கிடைக்கிறதா? 1991இல் ஜோலார்பேட்டைப் பையனைப் பற்றிப் பத்திரிகைகளில் படித்துவிட்டு, ஆமாம், இவன்தான் என்று தலையாட்டிய லட்சக்கணக்கான பேருக்கு அந்த அளவுக்குக்கூட ஆதாரம் இருக்கவில்லை.